மிரர்லெஸ் வாங்குனா தோள்வலி போயிடுமா? கேமராவை எடை போட்டுப் பாக்கறது எப்படி

கல்யாண சீசன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா வலது மணிக்கட்டுலயும் பிடரிலயும் ஒரு வலி இருக்கும் பாருங்க, அது கல்யாண போட்டோ எடுக்கற வேலையில இருக்கறவங்களுக்குத்தான் தெரியும். முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு ரிசப்ஷன் ஆரம்பிச்சா ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ஸ்டேஜ் முன்னாடியே நிக்கணும், மூணு மணி நேரம் மண்டபத்து ரூம்ல கண்ணை மூடிட்டு காலைல நாலரைக்கு மறுபடி கேமராவை மாட்டுனா முகூர்த்தம், தாலி, பந்தி, அப்புறம் பொண்ணு மாப்பிள்ளை அவுட்டோர்னு மதியம் வரைக்கும் இறக்கி வைக்க முடியாது. இப்படி ஓடிட்டு இருக்கறவன்கிட்ட யாராவது வந்து "மிரர்லெஸ் மாறிடுங்கண்ணே, எடை பாதியாயிடும்"னு சொன்னா நம்பத்தானே தோணும்.

நானும் நம்புனேன். கையில இருந்த ரெண்டு டிஎஸ்எல்ஆர்ல (உள்ள கண்ணாடி ஆடற பழைய டைப் கேமரா) ஒண்ணைக் குடுத்துட்டு, அந்தக் கண்ணாடி இல்லாத புது டைப்ல ஒரு சின்ன மிரர்லெஸ் பாடி, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமரா, வாங்குனேன், லென்ஸ் எல்லாம் பழசு, அதை புது பாடியில மாட்ட நடுவுல ஒரு அடாப்டர். ரெண்டு கல்யாணம் முடியறதுக்குள்ள அதுவரைக்கும் வலிக்காத இடத்துல வலி, கட்டை விரலோட அடியில இருந்து மணிக்கட்டு வரைக்கும் இழுத்துப் பிடிச்ச மாதிரி. கூட வர்ற தம்பி கேட்டான், "அண்ணே, பாடி எடை கம்மிதானே, அப்புறம் ஏன் கையை உதறிட்டே இருக்கீங்க?" பதில் தெரியல. அன்னைக்கு வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் எடுத்து எடை போட ஆரம்பிச்சேன், அதுல இருந்து கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதறேன். டிஎஸ்எல்ஆர்ல இருந்து மாறலாமா, புதுசா வாங்குனா எதை வாங்கறதுன்னு யோசிக்கறவங்க காசு குடுக்கறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சு பாருங்க.

முதல் வேலை, எடை. ஆனா பாடி எடை மட்டும் வேண்டாம், உங்க மேல தொங்கப் போற மொத்த எடை. சமையல்கட்டுல வெக்கற டிஜிட்டல் எடை மிஷின் இருந்தா ஒவ்வொண்ணா வெச்சு குறிச்சுக்கங்க, இல்லாட்டி ஊருக்குப் போறப்போ பெட்டியைத் தூக்கி எடை பாக்கற கொக்கி மிஷின் சின்னதா கிடைக்கும், பேக்கை அப்படியே மாட்டிப் பாத்துடலாம். எதுவும் இல்லைன்னா தெருமுனை மளிகைக்கடைக்காரர்கிட்ட கேளுங்க, ஒரு மாதிரி பாப்பாரு, பரவால்ல. கையில இல்லாத பொருளுக்கு கம்பெனி போட்டிருக்கற கணக்கைப் பாக்கணும், அங்க ஒரு குழி இருக்கு. ஒரே கேமராவுக்கு ரெண்டு எடை போட்டிருப்பாங்க, பாடி மட்டும் ஒண்ணு, பேட்டரி கார்டு போட்டு ஒண்ணு. நிக்கான் டிஎஸ்எல்ஆர் டி750 பாடி மட்டும் 750 கிராம், பேட்டரி கார்டோட 840. அவங்க மிரர்லெஸ் இசட்6 டூ பாடி மட்டும் 615, பேட்டரி கார்டோட 705. யூடியூப்ல ஒருத்தர் 840-ஐயும் 615-ஐயும் பக்கத்துல போட்டு 225 கிராம் குறைஞ்சிருச்சுன்னு சொல்லிட்டு இருந்தாரு, உண்மையில வித்தியாசம் 135 கிராம்தான். பேட்டரி இல்லாம யாரு போட்டோ எடுக்கறது?

இப்ப ஒரு கல்யாண கிட்டை முழுசா கூட்டுவோம், நான் நிக்கான் ஆளுங்கறதால நிக்கான்லயே போடறேன். லென்ஸ் பேர்ல 24-70-ன்னா எம்எம் கணக்குல ஜூம் ரேஞ்சு, எஃப் நம்பர் சின்னதா இருந்தா வெளிச்சம் நிறைய உள்ள வரும், விஆர்னா கை நடுக்கத்தை சரி பண்ற ஸ்டெபிலைசர். ரெண்டு டி750 பாடி 1680 கிராம், 24-70 எஃப் 2.8 விஆர் லென்ஸ் 1070, 70-200 எஃப் 2.8 எஃப்எல் லென்ஸ் 1430. மொத்தம் 4180 கிராம். இதே கிட்டை முழுசா மிரர்லெஸ்ல எடுத்தா ரெண்டு இசட்6 டூ 1410, இசட் மவுன்ட் (மிரர்லெஸ் பாடியில லென்ஸ் மாட்டற வாய்) 24-70 எஃப் 2.8 முதல் வெர்ஷன் வெறும் 805, இசட் 70-200 எஃப் 2.8 ட்ரைபாட் காலரோட (ட்ரைபாட்ல மாட்டறதுக்கு லென்ஸைச் சுத்தி இருக்கற வளையம்) 1440. மொத்தம் 3655. அரைக்கிலோ குறையுது, 525 கிராம், அது நிஜமான லாபம்தான். ஆனா கவனிச்சீங்களா, 70-200 குறையவே இல்ல, 10 கிராம் கூடியிருக்கு. குறைஞ்சதுல பாதி பாடியில இருந்து வந்துச்சு, மிச்சப் பாதி அந்த ஒரு 24-70-ல இருந்து வந்துச்சு.

அடுத்தது நம்மள்ல முக்கால்வாசிப் பேர் செய்யற வழி. லென்ஸ் மாத்த காசு இல்ல, பாடியை மட்டும் மாத்திட்டு பழைய லென்ஸை அடாப்டர்ல போட்டுக்கலாம்னு நினைக்கிறோம். எஃப்டிஇசட் டூ அடாப்டர் ஒண்ணு 125 கிராம், ரெண்டு பாடிக்கு ரெண்டு, நடுராத்திரில ஒரே அடாப்டரைக் கழட்டி மாட்டிட்டு இருக்க முடியாது. 1410, 250, 1070, 1430, மொத்தம் 4160 கிராம். ரெண்டு பாடியையும் மாத்தி இத்தனை லட்சம் செலவு பண்ணி குறையறது 20 கிராம்! ஒரு ஸ்பேர் பேட்டரியைப் பாக்கெட்ல போட்டா அதுவே கிட்டத்தட்ட 80 கிராம், கணக்கு தலைகீழா போயிடும். தம்பி கேட்ட கேள்விக்கு பாதி பதில் அங்கயே கிடைச்சிருச்சு.

ஏன் இப்படின்னா, மிரர்லெஸ்ல உண்மையில எதை எடுத்துட்டாங்கன்னு பாக்கணும். லென்ஸ் வழியா வர்ற வெளிச்சத்தை மேல திருப்பி விடற கண்ணாடி, அது ஆடறதுக்கு ஒரு பெட்டி, அதுக்கு மேல வியூஃபைண்டர்ல, அதாவது கண்ணை வெச்சுப் பாக்கற இடத்துல, படத்தை நேரா காட்டற பென்டாபிரிசம், இவ்வளவுதான் போச்சு. கண்ணாடி ஆட இடம் வேண்டியிருந்ததால நிக்கான் எஃப் மவுன்ட்ல லென்ஸ் வாய்க்கும் சென்சாருக்கும் நடுவுல 46.5 மில்லிமீட்டர் விட்டிருந்தாங்க, இசட் மவுன்ட்ல அது 16. கேனான்ல பழைய இஎஃப் மவுன்ட்ல 44-ஆ இருந்தது புது மிரர்லெஸ் ஆர்எஃப் மவுன்ட்ல 20 ஆயிடுச்சு. அதனால பாடி ஒல்லியாயிடும், வைட் லென்ஸ் செய்யறது சுலபமாயிடும். ஆனா 200 எம்எம் எஃப் 2.8 லென்ஸ்னா 200-ஐ 2.8-ஆல வகுத்துப் பாருங்க, 71 மில்லிமீட்டருக்கு மேல வருது, அவ்வளவு அகலத்துக்கு வெளிச்சத்தை உள்ள விட்டே ஆகணும். பின்னாடி கண்ணாடி இருந்தா என்ன இல்லாட்டி என்ன, முன்னாடி இருக்கற அந்த பெரிய கிளாஸ் சின்னதாகாது. சென்சார் சைஸ் அதே, அபர்ச்சர் (எஃப் நம்பர்) அதே, ஆனா தூரத்தைக் கிட்ட காட்டற டெலி லென்ஸ் மட்டும் பாதி எடைன்னு யாராவது சொன்னா இந்த வகுத்தலைப் போட்டுக் காட்டுங்க.

அப்ப எல்லா கம்பெனிலயும் இதே கதையான்னா, இல்ல. கேனான் வேற ரூட் புடிச்சாங்க. பழைய இஎஃப் 70-200 எஃப் 2.8 மூணாவது வெர்ஷன் 1480 கிராம், முதல்ல வந்த ஆர்எஃப் 70-200 எஃப் 2.8 வெறும் 1070. நானூறு கிராம் எங்க போச்சுன்னா, அந்த ஆர்எஃப் லென்ஸ் ஜூம் பண்ணா வெளிய நீளற டைப், மூடி வெச்சா பேக்ல தண்ணி பாட்டில் மாதிரி உக்காந்துக்கும். அதுக்கு விலையா டெலிகன்வெர்ட்டர் (இன்னும் தூரம் எட்ட நடுவுல மாட்டற துண்டு லென்ஸ்) போட முடியாது, ஜூம் பண்ணப் பண்ண எடை முன்னாடி நகரும். இன்னொரு பக்கம் ஆர்எஃப் 24-70 எஃப் 2.8 900 கிராம், பழைய இஎஃப் 805-தான், உள்ள ஸ்டெபிலைசர் வெச்சதால ஏறிடுச்சு. 50 எம்எம் எஃப் 1.2 எடுத்தா இன்னும் மோசம், பழசு அறுநூறு கிராமுக்குள்ள இருந்தது, ஆர்எஃப் 950. சோனியோட உசத்தி வரிசையான ஜிஎம்ல முதல் 24-70 ஜிஎம் 886, ரெண்டாவது 695, அதே மாதிரி 70-200 ஜிஎம் 1480-ல இருந்து 1045-க்கு இறங்குச்சு. ரெண்டுமே மிரர்லெஸ் லென்ஸ்தான், அப்ப எடை குறைஞ்சதுக்கு காரணம் மிரர்லெஸ் இல்ல, புது டிசைன். அதனால "மிரர்லெஸ் லென்ஸ்"னு பொதுவா பேசாதீங்க, எந்த லென்ஸ், எத்தனாவது வெர்ஷன்னு கேளுங்க.

புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு இந்த எடைப் பேச்சே பாதிக்கு மேல வேண்டாதது. கேனான் 200டி மார்க் 2 பேட்டரி கார்டோட 449 கிராம், மிரர்லெஸ்ல ஆர்10 429. இருபது கிராம்! பாடியோடயே வர்ற கிட் லென்ஸையும் சேத்தா வித்தியாசம் கொஞ்சம் கூடும், பழைய 18-55 எஸ்டிஎம் 215 கிராம், புது 18-45 130, ஆனா அங்க 10 எம்எம் ரீச்சையும் சேத்துத்தான் குறைச்சிருக்காங்க. இந்த ரேஞ்சுல எடைக்காக மாறாதீங்க, ஆட்டோஃபோகஸ், வீடியோ, இனிமே லென்ஸ் வருமா வராதாங்கறதுக்காக மாறுங்க, அது நியாயமான காரணம்.

பேட்டரியை ஏன் எடையில சேக்கணும்னா, டி750 ஒரு சார்ஜுக்கு 1230 ஷாட்டுன்னு சிபா (கேமரா கம்பெனிங்களோட சங்கம்) டெஸ்ட் கணக்கு, இசட்6 டூ வியூஃபைண்டர் வழியா எடுத்தா 340. நடைமுறையில ரெண்டுமே இதுக்கு மேல போகும், கண்டினியூஸா அமுக்கறவங்களுக்கு ரொம்பவே மேல போகும், ஆனா விகிதம் பொய் சொல்லாது. டிஎஸ்எல்ஆர்ல வியூஃபைண்டர் வெறும் கண்ணாடிதானே, மணமேடையைப் பாத்துட்டே அரை மணி நேரம் நின்னாலும் பேட்டரி அசையாது. மிரர்லெஸ்ல நீங்க சும்மா பாத்துட்டு இருக்கறதுக்கே கரண்டு ஓடுது. ஒரு நாள் கல்யாணத்துக்கு பாடிக்கு ரெண்டு எக்ஸ்ட்ரா பேட்டரின்னு வெச்சா முன்னூறு கிராம் பேக்ல ஏறும், அது கழுத்துல தொங்காதுங்கறது ஆறுதல். பவர் பேங்க்ல யூஎஸ்பி வழியா சார்ஜ் ஏத்திக்கலாம்னா அந்த பவர் பேங்க்கும் எடைதான்.

சரி, எடை முடிஞ்சுது. இப்ப முக்கியமானது, எனக்கு மணிக்கட்டு வலிச்சதுக்கான மிச்சப் பாதி பதில். ஒரு தேங்காயை உள்ளங்கையில வெச்சுக்கறது வேற, அதே தேங்காயை ஒரு முழக் குச்சியோட நுனியில கட்டி இந்தப் பக்க நுனியைப் பிடிச்சு தூக்கறது வேற. எடை ஒண்ணுதான், கை படற பாடு வேற. டி750 மாதிரி கனமான பாடியில பெரிய ஜூமை மாட்டுனா பின்னாடியும் எடை இருக்கறதால பாரம் கொஞ்சம் கைப்பக்கமா வந்து உக்காரும். பாடியை மட்டும் லேசாக்கிட்டு அதே லென்ஸை, அதுவும் அடாப்டர் வெச்சு பாடி வாயில இருந்து மூணு சென்டிமீட்டர் தள்ளி மாட்டுனா என்ன ஆகும்? மொத்த எடையில மாத்தம் இல்ல, ஆனா பாரம் முன்னாடி போயிடுச்சு. மூக்கு தரையைப் பாக்குது, அதை நிமித்திப் பிடிக்கிறது முழுக்க என் மணிக்கட்டோட வேலையாயிடுச்சு.

இதை வீட்டுலயே பாக்கலாம், கட்டில் மேல வெச்சு பண்ணுங்க, கீழ விழுந்தா என்னைத் திட்டக்கூடாது. கேமராவுல லென்ஸை மாட்டி, ஆள்காட்டி விரலை அடியில குறுக்க வெச்சு, எந்த இடத்துல முன்னாடியும் பின்னாடியும் சாயாம நிக்குதுன்னு தேடுங்க. அந்த இடம் லென்ஸ் மவுன்ட்டை ஒட்டி இருந்தா வலது கையும் இடது கையும் பாரத்தைப் பங்கு போட்டுக்கும். லென்ஸ் ஜூம் ரிங்குக்கு முன்னாடி போயிட்டா அந்த கிட்டை ஒத்தைக் கையில பிடிச்சுட்டு நடக்கற வேலையே வெச்சுக்காதீங்க. ஜூமை முழுசா நீட்டியும் ஒரு தடவை பாருங்க, நீளற லென்ஸ்ல அந்தப் புள்ளி விரல் விட்டு ஓடும்.

பிடிக்கிற முறையும் இதுல இருந்துதான் வருது. கனமான லென்ஸ் மாட்டுனா இடது உள்ளங்கை மேல பாத்து, அந்த பேலன்ஸ் புள்ளிக்கு நேர் கீழ இருக்கணும், முழங்கை ரெண்டும் விலாவை ஒட்டி இருக்கணும். வலது கை கேமராவைத் தூக்கறதுக்கு இல்ல, பட்டனை அமுக்கறதுக்கு. நிறைய பேர் லென்ஸை மேல இருந்தோ பக்கவாட்டுலயோ டார்ச் லைட்டைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கிறாங்க, பத்து நிமிஷத்துல தோள் தூக்கிக்கும். பாடி சின்னதாக ஆக வலது கையால தூக்கற பழக்கம் தானா வந்துடும், லேசா இருக்கேன்னு ஒரு தைரியம், அங்கதான் மாட்டிக்கறோம்.

கிரிப் விஷயத்துக்கு வருவோம். கடைக்குப் போனா கவுன்டர்ல இருக்கற கேமராவைத் தூக்கிப் பாத்துட்டு "அட லேசா இருக்கே"ன்னு சொல்றதோட நிறுத்திடறோம், அதுல கிட் லென்ஸ் இருக்கும் இல்லாட்டி லென்ஸே இருக்காது. உங்ககிட்ட இருக்கற பெரிய லென்ஸைக் கையோட எடுத்துட்டுப் போங்க, இல்லாட்டி அதே எடையில கடைல இருக்கற லென்ஸை மாட்டிக் கேளுங்க. மாட்டுனதும் மூணு இடத்தைப் பாருங்க. சுண்டு விரல் எங்க இருக்கு? கிரிப் உயரம் பத்தாம சுண்டு விரல் அடியில தொங்குச்சுன்னா மிச்ச மூணு விரல்தான் மொத்தத்தையும் தாங்குது. விரல் முட்டி லென்ஸ்ல இடிக்குதா? கிரிப்புக்கும் லென்ஸ் மவுன்ட்டுக்கும் நடுவுல இடைவெளி குறைச்சலா இருக்கற பாடியில பருமனான லென்ஸ் மாட்டுனா நடு விரலும் மோதிர விரலும் நசுங்கும், கடைல ரெண்டு நிமிஷத்துல தெரியாது, மோதிரம் போட்டவங்களுக்கு உடனே தெரியும். மூணாவது கட்டை விரல், பின்னாடி அது சாய்ஞ்சுக்க ஒரு மேடு இருக்கா, அங்க இருந்து நகராமலே ஃபோகஸ் ஆன் பட்டனும் ஜாய்ஸ்டிக்கும் எட்டுதா. எட்டலைன்னா ஒவ்வொரு ஷாட்டுக்கும் பிடியைத் தளத்தி மறுபடி இறுக்குவீங்க, ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் தடவை.

கம்பெனிக்காரங்களுக்கும் இது தெரிஞ்சுதான் இருக்கு. 2013-ல முதல் சோனி ஏ7 வந்தப்போ பேட்டரியோட 474 கிராம், ஃபுல் ஃபிரேம் (பழைய ஃபிலிம் சைஸ்ல பெரிய சென்சார்) இவ்வளவு சின்னதான்னு ஊரே வாயைப் பொளந்துச்சு. அப்புறம் வந்த ஏ7 மூணு 650 கிராம், ஏ7 நாலு 658. 2019-ல ஏ7ஆர் நாலுல கிரிப்பை இன்னும் ஆழமாக்கினாங்க. நிக்கான் இசட்8 910 கிராம், அது டி750-ஐ விட 70 கிராம் அதிகம், யாரும் குறை சொல்லல, ஏன்னா கையில பிடிக்க சுகமா இருக்கு. சின்னதா செஞ்சு பேர் வாங்கிட்டு, அப்புறம் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா பழைய சைஸுக்கே திரும்பி வர்றாங்கன்னு தோணுது எனக்கு. கேனான் ஆர்பி 485 கிராம்தான், அதுக்கு இஜி-இ1-னு அடியில ஒட்டற ஒரு எக்ஸ்டென்ஷன் கிரிப் தனியா வித்தாங்க, அதுல பேட்டரி கிடையாது, ஒண்ணும் கிடையாது, சுண்டு விரலுக்கு உக்கார இடம், அவ்வளவுதான். அதுக்கு தனி விலை!

ஆனா இந்த மாதிரி எக்ஸ்டென்ஷனைக் கிண்டல் பண்ணிட்டு விட்டுடாதீங்க. ஏற்கனவே சின்ன பாடி வாங்கி கை வலிக்குதுன்னா முதல் மருந்து இதுதான். எல் பிளேட்டோ (அடியிலயும் பக்கத்துலயும் மாட்டற எல் வடிவ மெட்டல் தகடு), அடியில போடற மெட்டல் கிரிப்போ கொஞ்சம் எடைதான் கூடும், எடை கூடியும் வலி குறையும், மேல சொன்ன தேங்காய்க் கணக்குப்படி அது சரிதான். செங்குத்தா நிறைய எடுக்கறவங்க, கல்யாணத்துல ஜோடி போர்ட்ரெய்ட் எல்லாம் அப்படித்தானே, ரெண்டு பேட்டரி போடற வெர்டிக்கல் கிரிப்பைப் பாக்கலாம், கால் கிலோவுக்கு மேல ஏறும், ஆனா கேமராவைத் திருப்பறப்போ வலது முழங்கை ஆகாசத்துக்குப் போகாது. நான் ரிசப்ஷன் வரிசை எடுக்கறப்போ மட்டும் போட்டுக்கறேன், காலைல கழட்டிடுவேன்.

கண்ணும் கழுத்தும் பாக்கி இருக்கு. மிரர்லெஸ் நிஜமா ஜெயிக்கற இடம் இதுதான்னு நான் சொல்வேன், எடை இல்ல. டி750-ல ஸ்கிரீனைப் பாத்து எடுத்தா ஃபோகஸ் தடவித் தடவி வரும், அதனால வாழை இலைல சாப்பிடற குழந்தையை எடுக்கணும்னா நான் பந்தியில மண்டி போட்டு உக்காந்து வியூஃபைண்டர்ல கண்ணை வெக்கணும், முட்டியும் இடுப்பும் போச்சு. மிரர்லெஸ்ல ஸ்கிரீனைத் தூக்கிட்டு கேமராவை இலை உயரத்துக்கு இறக்குனா போதும், நின்ன இடத்துல குனிஞ்சே எடுக்கலாம். நியாயமா சொன்னா கேனான்ல 2013-ல வந்த 70டி-லயே ஸ்கிரீன்ல நல்ல ஃபோகஸ் இருந்துச்சு, நிக்கான் 2020-ல டி780-ல குடுத்தாங்க, அதனால இந்த ரெண்டு ஜாதி டிஎஸ்எல்ஆர் வெச்சிருக்கறவங்க முட்டி வலிக்காக மட்டும் மாற வேண்டாம். ஆனா ஸ்கிரீன் சுகத்துல கையை நீட்டி எடுக்கற பழக்கம் வந்தா தோள்பட்டை காலி, போன்ல செல்ஃபி எடுக்கற மாதிரி ரெண்டு கிலோவை நீட்டிப் பிடிக்கக்கூடாது. ஸ்கிரீன் பாத்து எடுத்தா ஸ்ட்ராப்பை கழுத்துல இறுக்கி, கேமராவை முன்னாடி தள்ளி, ஸ்ட்ராப் விறைப்பா நிக்கற மாதிரி வெச்சுக்கங்க, மூணாவது கை மாதிரி வேலை செய்யும்.

கண்ணாடி போட்டவங்க கடைல கண்ணாடியோடயே வியூஃபைண்டரைப் பாருங்க, நாலு மூலையும் ஒரே பார்வைல தெரியணும், தெரியலைன்னா முகத்தை அழுத்தி அழுத்தியே கழுத்து போயிடும். இடது கண்ணால பாக்கறவங்க, நானும் அந்த ஜாதி, சோனி ஏ7சி மாதிரி ஓரத்துல வியூஃபைண்டர் வெச்ச பாடியை யோசிச்சு வாங்குங்க, வலது கண்ணால பாக்கறவங்களுக்கு மூக்கு வெளிய போயிடும், நமக்கு மூஞ்சி முழுக்க ஸ்கிரீன் மேல படியும். டச் ஃபோகஸ் ஆன்ல இருந்தா மூக்கே ஃபோகஸ் பாயின்ட்டை நகத்தும், முதல் வாரம் எனக்கு மாப்பிள்ளைக்குப் பதிலா பின்னாடி நின்ன நாதஸ்வரக்காரர் ஷார்ப்பா வந்தாரு.

இன்னொரு மறைமுக லாபம் பாடிக்குள்ள இருக்கற ஸ்டெபிலைசர். பல மிரர்லெஸ்ல சென்சாரே ஆடி நடுக்கத்தை சரி பண்ணும், டி750-ல அது கிடையாது. கோயில் மண்டபத்துல விளக்கு வெளிச்சத்துல எடுக்கறதுக்கு நான் தூக்கிட்டுப் போற ட்ரைபாட் ஒண்ணே முக்கால் கிலோ, இப்ப பாதி நாள் அது கார்லயே கிடக்குது. எடைக் கணக்கு போடறப்போ இந்த மாதிரி கூட வராத சாமானையும் கழிச்சுக்கங்க, பாடியில 135 கிராம் குறைஞ்சதை விட இது பெரிசு. கிம்பல், அதாவது ஆட்டம் இல்லாம கேமராவைப் பிடிக்கற மோட்டார் கைப்பிடி, வெச்சு வீடியோ எடுக்கறவங்களுக்கும் அப்படித்தான், டிஜேஐ ஆர்எஸ் 3 மினி மாதிரி சின்ன கிம்பல் 2 கிலோ வரைக்கும்தான் தாங்கும், மிரர்லெஸ் பாடியும் ஜூம் இல்லாத சின்ன பிரைம் லென்ஸும்னா ஒரு கிலோவுக்குள்ள முடிஞ்சிடும், கிம்பலையும் சின்னதா எடுத்துக்கலாம். வீடியோக்காரங்க மிரர்லெஸ்க்கு மாறறதுல எனக்கு எந்த வாதமும் இல்ல.

பறவை எடுக்கறவங்க கணக்கு தனி. டி500-ல 200-500 மாட்டுனா 860-ம் 2300-ம், மொத்தம் 3160 கிராம். இசட்8-ல 180-600 மாட்டுனா 910-ம் 2140-ம், 3050. நூத்திப் பத்து கிராம்தான் வித்தியாசம், கையில ஒண்ணும் தெரியாது. ஆனா 180-600 ஜூம் பண்ணா நீளாது, எல்லாம் உள்ளுக்குள்ளயே நகரும், பேலன்ஸ் புள்ளி வெச்ச இடத்துலயே கிடக்கும், 200-500 வெளிய நீண்டு முன்னாடி இழுக்கும். ஒரு மணி நேரம் பிடிச்சா அந்த வித்தியாசம் தெரியும், எடை மிஷின்ல தெரியாது. எடையை நிஜமாவே குறைக்கணும்னா கேனான் ஆர்7-ல ஆர்எஃப் 100-400 மாட்டிக்கங்க, 612-ம் 635-ம் சேந்து 1247 கிராம், ஏறக்குறைய அஞ்சுல ரெண்டு பங்கு. அதுக்கு என்ன குடுக்கறோம்னா வெளிச்சம், முழு ஜூம்ல எஃப் 8, அந்த நிக்கான் 200-500 எஃப் 5.6, ஒரு ஸ்டாப் போச்சு, அதாவது வெளிச்சம் பாதி, அதை விட ரீச்சும் குறைச்சல். வேடந்தாங்கல்ல காலை ஆறரைக்கு அந்த ஒரு ஸ்டாப்புக்கு ஏங்குவீங்க, எட்டு மணிக்கு மேல வெயில் வந்துட்டா இரும்பு மாதிரி மூணு கிலோவைத் தூக்கிட்டு வர்றவரைப் பாத்து சிரிச்சுக்கலாம். அறுபதைத் தாண்டுன என் மாமா ஒருத்தர் இந்த மாதிரி சின்ன கிட்டுக்கு மாறுனதுல இருந்துதான் மறுபடி நடக்கவே கிளம்புனாரு, அவருக்கு அந்த ஒரு ஸ்டாப் பொருட்டே இல்ல.

ஸ்ட்ராப்பைப் பத்தி ரெண்டே வார்த்தை. பெட்டியோட வர்ற, கம்பெனி பேர் போட்ட ஒல்லி ஸ்ட்ராப்பை கழுத்துல மாட்டிக்கிட்டு மிரர்லெஸா டிஎஸ்எல்ஆரான்னு விவாதம் பண்ணாதீங்க. குறுக்க மாட்டற அகலமான ஸ்லிங், ரெண்டு பாடின்னா ரெண்டு தோள்லயும் பாரம் போற ஹார்னஸ், இதுக்கு ஆகற செலவு ஒரு பாடி விலையில துளி, பிடரி வலியில பாதி இதுலயே போயிடும். பெரிய லென்ஸ் மாட்டியிருந்தா ஸ்ட்ராப்பை பாடி காதுல மாட்டாம லென்ஸோட ட்ரைபாட் காலர்ல மாட்டுங்க, மவுன்ட்டுக்கும் நல்லது, நடக்கறப்போ கேமரா வயித்துல இடிக்காது.

இதெல்லாம் பாத்துட்டு யாரு மாறணும்னு கேட்டா, லென்ஸையும் சேத்து மாத்தற அளவுக்கு காசு இருக்கறவங்க, வீடியோ பாதி வேலையா இருக்கறவங்க, சின்ன பிரைம் லென்ஸ்லயே முக்கால்வாசி எடுக்கறவங்க மாறுங்க, உடம்புக்கு நிச்சயம் தெரியும். ரெண்டு பெரிய எஃப் 2.8 ஜூமை விட மாட்டேன், பாடி மட்டும் மாத்தறேன்னு சொல்றவங்க அவசரப்படாதீங்க. நான் கடைசில என்ன பண்ணேன்னா 24-70-ஐ மட்டும் இசட் லென்ஸா மாத்துனேன், 70-200-ஐ மிச்சம் இருக்கற பழைய டி750-லயே விட்டுட்டேன், அதுல அது ஒழுங்கா உக்காருது. ரெண்டு சிஸ்டம், ரெண்டு ஜாதி லென்ஸ், பாக்கறவங்க சிரிக்கறாங்க, கை சிரிக்கல, நல்லா இருக்கு.

இன்னும் முடிவு பண்ண முடியலைன்னா வாங்கறதுக்கு முன்னாடி, ரெண்டு ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலை நிரப்பி ஒரு பையில போட்டு கழுத்துல மாட்டிட்டு ஒரு சாயங்காலம் முழுக்க வீட்டுல வேலை பாருங்க, ரெண்டு கிலோன்னா என்னன்னு தெரியும், அப்புறம் ஒண்ணுல கால்வாசி தண்ணியைக் கொட்டிட்டு மறுநாள் அதே மாதிரி மாட்டிப் பாருங்க, மேல கூட்டுன கிட்டுல பாதியை, ரெண்டு கிலோவை, மாட்டியிருக்கீங்கன்னு வெச்சா நீங்க லட்சக்கணக்குல வாங்கப் போற வித்தியாசம் ஏறக்குறைய அவ்வளவுதான். அது கணிசமா தெரிஞ்சா அடுத்த படி, அந்த பாடியையும் லென்ஸையும் ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுங்க, பெரிய ஊர்கள்ல எல்லாம் இப்ப கேமரா வாடகைக்கு கிடைக்குது. சும்மா வீட்டுல வெச்சு கிளிக் பண்ணாம ஒரு முழு ரிசப்ஷனை அதுலயே எடுங்க. மறுநாள் காலைல பல்லு தேய்க்கறப்போ பிரஷ்ஷைப் பிடிச்ச கை எப்படி இருக்குன்னு பாத்துட்டு கடைக்குப் போங்க.